மூன்றே நாளில் மறைந்த பருவும், அதற்குப் பின் வந்த பத்து மாதமும்

கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். முகப்பருவுக்கு மருந்து கேட்டு யாரும் வராத நாள் எனக்கு நினைவில் இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் பருவைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், போனை நீட்டுவார்கள், அதில் ஒரு ட்யூப்பின் படம் இருக்கும், "அண்ணே, இது இருக்கா?" என்பார்கள், அவ்வளவுதான். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். இப்படிப் போனவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த என் வீட்டிலேயே அது நடந்தது. நடந்தது என் அக்கா மகளுக்கு. அவளிடமும் அக்காவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றாள், அதனால் வீட்டில் கூப்பிடுகிற மாதிரி பாப்பா என்றே சொல்கிறேன்.

பாப்பாவுக்குப் பரு 15 வயதில் நெற்றியில் ஆரம்பித்தது. தோல் நிறத்திலேயே சின்னச் சின்ன மணல் மாதிரி, ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றால்தான் தெரியும். 17-ல் கன்னத்துக்கு இறங்கியது, சிவந்த பருக்கள், நடுவே நாலைந்து சீழ்ப்பரு, மாதவிலக்குக்கு முந்தின வாரம் தாடையோரம் கூடுதலாக இரண்டு மூன்று. அக்காவுக்கும் அந்த வயதில் இருந்தது, எங்கள் அப்பா கன்னத்தில் கடைசிவரை பள்ளம் இருந்தது, ஆக இது குடும்பத்திலேயே ஓடுகிற விஷயம். மருத்துவப்படி பார்த்தால் லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில், அதிகம் பயப்பட வேண்டிய நிலையே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வந்தது அத்தனையும் பருவால் வந்ததல்ல.

வீட்டில் முதலில் செய்தது எல்லா வீட்டிலும் செய்வதுதான். எலுமிச்சைச் சாறு தடவினாள், எரிந்து தோல் உரிந்தது. ராத்திரி பருவின் மேல் பற்பசை வைத்தாள், பரு காய்ந்தது, சுற்றிலும் கறுத்தது. கடலை மாவைப் போட்டுத் தேய்த்தாள். எண்ணெய் வடிகிறதே என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். "உடம்புச் சூடுதான் தம்பி" என்று அக்கா இளநீரும் வெந்தயமும் கொடுத்தாள். இளநீர் குடிப்பதில் ஒரு தப்பும் இல்லை, நம் ஊர் வெயிலுக்கு நல்லதுதான், ஆனால் அதை மருந்தென்று நம்பி இரண்டு வருடம் ஓடிவிட்டது. எனக்கும் இதில் பங்கு உண்டு. கடையில் ஊருக்கெல்லாம் சொன்னவன், வீட்டுக்குள் ஒரு வயதுப்பெண்ணின் முகத்தைப் பற்றி என்ன பேசுவது என்று சும்மா இருந்துவிட்டேன்.

பரு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால்தான் மற்றது புரியும். நம் முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பருவ வயதில் ஆன்ட்ரஜன் ஹார்மோன்கள் ஏறும்போது (பெண்களுக்கும்தான்) அந்தச் சுரப்பி பெரிதாகி எண்ணெயைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதே சமயம் மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில், எப்போதும் நம் தோலில் இருக்கிற கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது, உடம்பு அதை எதிர்த்துப் போராட, சிவப்பு, வீக்கம், சீழ். அடைப்பின் வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி, அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, மெலனினும் காற்றுப் பட்டு நிறம் மாறிய கொழுப்பும்தான், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இன்று கண்ணாடியில் தெரிகிற பரு சில வாரங்களுக்கு முன்பே உள்ளே அடைபட ஆரம்பித்தது. அதனால்தான் பருவுக்கான எந்த நல்ல மருந்தும் வேலை காட்ட 8 முதல் 12 வாரம் பிடிக்கிறது. மூன்று நாளில் முகத்தைத் துடைத்துவைத்தாற்போல் ஆக்குகிற மருந்து ஒன்று இருக்கிறது என்றால், அது அடைப்பைத் தொடவில்லை, வேறு எதையோ செய்கிறது.

அந்த ட்யூப்

2023 ஜூனில் மதுரையில் கல்லூரி சேர்ந்தாள், ஹாஸ்டல். ஆகஸ்டில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகத்தோடு எப்படிப் போய் நிற்பது என்று அழுதவளுக்கு ரூம்மேட் ஒருத்தி ஒரு கிரீம் கொடுத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மனசு வரவில்லை, தன் முகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்ததைத்தான் நல்லெண்ணத்தில் கொடுத்தாள். மூன்றாவது நாள் சிவப்பு மறைந்துவிட்டது. ஒரு வாரத்தில் முகம் பளபளவென்று, ஒரு சுற்று வெளுத்தும்போய், கல்யாணத்தில் எல்லோரும் "என்னடி போட்ட, இப்படி மின்னுற?" என்று கேட்டார்கள். நானும் அந்தக் கல்யாணத்தில் இருந்தேன். மதுரைத் தண்ணீர் ஒத்துக்கொண்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஐந்து மாதம், தினமும் ராத்திரி. தீர்ந்தால் ஹாஸ்டல் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டாள், சீட்டு யாரும் கேட்கவில்லை. மூன்றாவது மாதத்திலிருந்து ஒரு நாள் விட்டால் முகம் எரிய ஆரம்பித்ததாம், அதனால் விடாமல் போட்டிருக்கிறாள்.

2024 பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது ட்யூப் தீர்ந்திருந்தது. போகிக்கு மறுநாள் முகம் சிவந்தது, இரண்டு நாளில் கன்னம் முழுக்க ஒரே அளவில், ஒரே மாதிரி, சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள் கூட்டமாகக் கிளம்பின. சாதாரணப் பரு அப்படி வராது, ஒன்று பெரிது ஒன்று சிறிது, கரும்புள்ளி, வெண்புள்ளி என்று கலந்துதான் இருக்கும். அடுப்பு பக்கம் போகமுடியவில்லை, வெயிலில் நிற்கமுடியவில்லை. அக்கா போன் பண்ணினாள். நான் போனபோது பாப்பா ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மச்சில் படுத்திருந்தாள். துண்டை எடுத்துப் பார்த்தேன். மூக்கோரமும் கன்னத்திலும் நூல் மாதிரி சிவப்பு ரத்தக்குழாய்கள் தெரிந்தன, கன்னத்தோரம் பூனைமுடி அடர்ந்திருந்தது. என்ன போட்டாய் என்று கேட்டதற்கு முதலில் பதில் இல்லை. அப்புறம் எழுந்துபோய், பையில் துணிகளுக்கு அடியில் இருந்த தேங்காயெண்ணெய் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அடியிலிருந்து வாய்வரை இறுக்கிச் சுருட்டிய ட்யூப். பிரித்து நீட்டி, தேய்ந்துபோன எழுத்தைப் படித்தேன். ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினோயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம்.

"மாமா, இது பரு கிரீம்தானே?" என்றாள்.

இல்லை. இது மங்கு, அதாவது மெலாஸ்மா என்கிற கரும்படைக்காகச் செய்த கூட்டுமருந்து, அதுவும் மருத்துவர் சொல்லி, கொஞ்ச வாரங்களுக்கு மட்டும். இதன் மூலவடிவத்தை 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கிளிக்மேனும் வில்லிஸும் வெளியிட்டார்கள், அதில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. நம் நாட்டில் அதற்குப் பதில் மொமெட்டசோன் போட்டு விற்றார்கள், அது வீரியமான ஸ்டீராய்டு. அது சிவப்பையும் வீக்கத்தையும் இரண்டு மூன்று நாளில் அமுக்கும், ரத்தக்குழாயைச் சுருக்கி முகத்தை வெளிறவைக்கும், ஹைட்ரோகுவினோன் நிறத்தைக் குறைக்கும். பார்க்கிறவருக்குப் பரு போய்விட்டது. உள்ளே தோல் மெலிந்துகொண்டே வருகிறது, ரத்தக்குழாய்கள் ஸ்டீராய்டு இல்லாத நேரத்தில் விரிந்துகொள்ளப் பழகிவிடுகின்றன, ஸ்டீராய்டே புதிதாகப் பருவையும் கொண்டுவருகிறது. நிறுத்தினால் எல்லாம் சேர்ந்து பொங்கும், பொங்குவதைப் பார்த்துப் பயந்து திரும்பப் போடுவார்கள்.

இது ஒருத்தி கதை இல்லை. இந்த நிலைக்குப் பெயர் வைத்ததே இந்திய மருத்துவர்கள்தான், 2008-ல் லாஹிரியும் கூண்டுவும், ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்ற பொருளில். நாட்டின் 12 மையங்களில் முகத்தில் தோல்பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது, அதில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு போட்டுக்கொண்டிருந்தவர்கள், கிட்டத்தட்ட ஏழில் ஒருவர். தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கென்றே தனிக் குழு அமைத்துப் பேசிப் பேசி, 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மத்திய அரசு அட்டவணை எச்-சுக்குள் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, பெட்டியில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். பாப்பாவின் ட்யூப்பிலும் அந்தக் கோடு இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு கடைக்காரர் எடுத்துக் கொடுத்திருக்கிறார், என்னைப் போல் ஒருவர்.

திருநெல்வேலியில்

பொங்கல் முடிந்த வாரமே தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அந்த அம்மா முதலில் ட்யூப்பைத்தான் கேட்டார். எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, வேறு யார் போடுகிறார்கள். அடுத்து மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, தாடையில் முரட்டு முடி உண்டா, தலைமுடி கொட்டுகிறதா, எடை ஏறியதா. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் பருவுக்கு ஹார்மோன் பக்கம் பார்க்க வேண்டும், அதற்காக. பாப்பாவுக்கு மாதம் தவறாமல் வருகிறது, கன்னத்துப் பூனைமுடி ஸ்டீராய்டால் வந்தது, அதனால் ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. அது எனக்குப் பிடித்தது.

சொன்னது இவ்வளவுதான். அந்த ட்யூப் இன்றோடு நிறுத்தம். வாசனை இல்லாத மென்மையான கிளென்ஸர், ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும். மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். எரிச்சலுக்கு டாக்ரோலிமஸ் களிம்பு. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, 100 மில்லிகிராம், தினமும் ஒன்று. பருவுக்கான மேல்பூச்சு மருந்து இப்போது கிடையாது, இந்தத் தோல் தாங்காது, முதலில் தோல் தோலாகட்டும் என்றார். பிறகு பாப்பாவை நேராகப் பார்த்து, "அடுத்த ஒரு மாசம் இதைவிட மோசமாகும். நீ திரும்ப அந்த கிரீமைத் தேடுவே. தேடும்போது எனக்கு போன் பண்ணு" என்றார். இதை முன்கூட்டியே சொன்னதுதான் மருந்தைவிடப் பெரிய உதவி என்று இப்போதும் நினைக்கிறேன்.

டாக்ஸிசைக்ளின் பற்றி ஒன்று, கடையில் தினமும் சொல்வது: சாப்பிட்டபின், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, விழுங்கியதும் அரைமணி நேரம் படுக்கக்கூடாது, படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாலோடும், இரும்பு, கால்சியம் மாத்திரையோடும் சேர்க்கக்கூடாது. வெயில் சீக்கிரம் சுடும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இது ஆகாது.

பிப்ரவரி கொடுமையாகத்தான் இருந்தது. கல்லூரிக்கு இரண்டு வாரம் போகவில்லை. ராத்திரி எரிச்சலில் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள், அக்கா ஃபிரிட்ஜ் தண்ணீரில் துணி நனைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பத்தாம் நாள் ராத்திரி எனக்குப் போன் வந்தது, "மாமா, ஒரே ஒரு தடவை மட்டும் போட்டுக்கிறேன், உங்க கடையில இருக்கும்ல?" என்று. இருந்தது. கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் மருத்துவரிடம் பேசவைத்தேன். அந்த வாரத்தின் கடைசியில் எரிச்சல் கொஞ்சம் இறங்கியது.

மெதுவான மருந்து

மார்ச் முதல் வாரம், தோல் அமைதியானபின்தான் உண்மையான பரு வைத்தியம் தொடங்கியது. அடாபலீன் 0.1 சதவீத ஜெல். இது ரெட்டினாய்டு வகை, மயிர்க்கால் வாயில் அடைப்பு உருவாவதையே தடுக்கிறது, இருக்கிற பருவுக்கும் வரப்போகிற பருவுக்கும் இரண்டுக்கும் இதுதான் அடிப்படை. அமெரிக்காவில் 2016 முதல் சீட்டில்லாமலே கிடைக்கிறது, இங்கே சீட்டு வேண்டும். போடுகிற விதத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். பரு மேல் மட்டும் புள்ளி வைப்பதற்கில்லை, பரு வருகிற இடம் முழுக்க மெல்லிசாக. முகம் மொத்தத்துக்கும் பட்டாணி அளவு போதும். ராத்திரி முகம் கழுவி, நன்றாகக் காய்ந்தபின். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் தவிர்த்து. மேலே மாய்ஸ்சரைசர். முதல் சில வாரம் தோல் காயும், உரியும், சிலருக்குப் பரு கூடினாற்போல் இருக்கும். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் ட்யூப்பைத் தூக்கிப்போடுகிறார்கள். பாப்பா தூக்கிப்போடவில்லை, பிப்ரவரியைப் பார்த்தவளுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. கர்ப்பமானாலோ, திட்டமிட்டாலோ அடாபலீனை நிறுத்த வேண்டும்.

ஏப்ரலில் காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் சேர்த்தார். இது பாக்டீரியாவைக் கொல்லும், முக்கியமாக, ஆன்டிபயாடிக்குக்குப் பழகிவிடுகிற மாதிரி இதற்குப் பாக்டீரியா பழகிவிடாது. 10 சதவீதம் கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது, 2.5 கிட்டத்தட்ட அதே பலனைத் தரும், எரிச்சல் குறைவு. துணியை வெளுக்கும், அது மட்டும் நினைவிருக்கட்டும். பாப்பாவின் நீலத்துண்டில் இப்போது அவள் கன்னம் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டு.

ஏப்ரல் கடைசியில், மூன்று மாதமானதும், டாக்ஸிசைக்ளினை நிறுத்தினார். பரு குறையவேண்டியது இன்னும் இருந்தது, "நீட்டிக்கலாமா" என்று அக்கா கேட்டாள், மாட்டேன், ஆன்டிபயாடிக்கை நீட்டினால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும் என்றார். இதேதான் கிளின்டாமைசின் ஜெல்லுக்கும், அதுவும் ஆன்டிபயாடிக்தான். அதைத் தனியாக மாதக்கணக்கில் தடவினால் பாக்டீரியா பழகிவிடும், பென்சாயில் பெராக்சைடு கூட இருக்கவேண்டும். எங்கள் கடைக்கு அதைத் தனியாகக் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஜூனில் புதுப்பரு பாதிக்கும் கீழே வந்தது. மிச்சம் இருந்தது கறை. நம் நிறத்துத் தோலில் பரு ஆறினாலும் கறுப்பு அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும், அதைத் தழும்பு என்று நினைத்துக் கலங்குகிறார்கள். தட்டையாக இருந்தால் கறை, மெல்ல மறையும், பள்ளமோ மேடோ இருந்தால்தான் தழும்பு. கறைக்கு அஸலெய்க் அமிலம் கொடுத்தார், அது பருவையும் கவனிக்கும், கர்ப்பத்திலும் போடலாம் என்கிற அளவுக்குப் பாதுகாப்பானது. சன்ஸ்கிரீன் இல்லையென்றால் கறைக்கு எது போட்டும் பிரயோசனம் இல்லை. கிள்ளுவதை நிறுத்தியது இன்னொன்று. கண்ணாடியை மேஜையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள், கை தானாகப் போவது குறைந்தது.

வராமல் தடுக்க வீட்டில் மாற்றியவை அதிகமில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துப் படுப்பதை விட்டாள், வைத்தால் குளிப்பதற்கு முன் மட்டும். நெற்றிப் பருவில் பாதி அதோடு போனது, எண்ணெய் நெற்றிக்கு வழிந்து மயிர்க்காலை அடைக்கிறது. முகப்பூச்சு எது வாங்கினாலும் துளைகளை அடைக்காதது என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கிறாள். சாப்பாட்டில் அக்கா முட்டை, கோழி, நிலக்கடலை, எங்கள் ஊர் கடலைமிட்டாய் என்று எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தாள், பிள்ளை இளைத்ததுதான் மிச்சம். மருத்துவர் முட்டையையும் கோழியையும் திரும்பக் கொடுக்கச் சொன்னார். சர்க்கரையும் மைதாவும் குறைந்தால் சிலருக்குப் பரு குறைகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு, 2007-ல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் பார்த்த ஆய்வு ஒன்று அப்படிக் காட்டியது. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு தெரிகிறது, ஆனால் அதுதான் காரணம் என்று சொல்லுமளவுக்கு உறுதியில்லை. ஜிம்முக்குப் போகிற பையன்கள் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கிற புரதப்பொடி) தொடங்கியபின் பரு கூடினால் அதை ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாம்.

ஐசோட்ரெட்டினோயின் பற்றியும் சொல்லியாக வேண்டும், போனில் அதன் படத்தைக் காட்டிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை, கட்டிகட்டியாக வந்து தழும்பு விழுகிற பருவுக்கு இதைப்போல் பலன் தருவது வேறில்லை. ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனங்களை உண்டாக்கும். பெண்கள் இதைச் சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. ரத்தக்கொழுப்பும் கல்லீரலும் பரிசோதித்துத்தான் கொடுப்பார்கள். பாப்பாவுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவர்கள் பயந்து ஒதுங்கவும் வேண்டாம், தானாக வாங்கி விழுங்கவும் வேண்டாம்.

நவம்பர்

கடைசியாக 2024 நவம்பரில் பார்த்தேன். தாடையில் இரண்டு பரு, மாதாமாதம் வருவது. மூக்கோரம் அந்தச் சிவப்பு நூல்களில் சில இன்னும் இருக்கின்றன, எல்லாம் போகாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். பூனைமுடி உதிர்ந்துவிட்டது. அடாபலீன் தொடர்கிறது, நிறுத்தினால் அடைப்பு திரும்ப ஆரம்பிக்கும் என்பதால் இன்னும் ஒரு வருடமாவது போடவேண்டியிருக்கும்.

தீபாவளி லீவில் பாப்பா அந்த ரூம்மேட்டை ஊருக்குக் கூட்டிவந்து, தன் மருத்துவரிடமே காட்டினாள். அந்தப் பிள்ளை இரண்டு வருடமாக அதே ட்யூப்பைப் போட்டவள். அவளுக்கு இப்போது மூன்றாவது வாரம், எரிச்சல் குறையவில்லை. ஹாஸ்டலில் ஃபிரிட்ஜ் இல்லையாம், பாப்பா சாயந்திரமே மெஸ்ஸில் சொல்லி ஒரு பாட்டில் ஐஸ் தண்ணீர் வாங்கிவைத்து, ராத்திரி துணி நனைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.